ஊசிக்கோபுரம் இல்லாத நோத்ர தாம்

என் மேசைக்கு மேலே ஒரு படம் மாட்டியிருக்கிறது. செய்ன் நதிக்கரையோரம் பச்சைப் பெட்டிகளைத் திறந்து வைத்துப் பழைய புத்தகம் விற்பார்களே, அவர்களில் ஒருவரிடம் வாங்கிய மலிவான மறுபதிப்பு. கறுப்பு வெள்ளைதான். நதி, ஒரு கல் பாலம், கரையில் படகுகள், வண்டிகள், பாலத்துக்குப் பின்னால் நோத்ர தாம் பேராலயத்தின் முதுகுப்பக்கம், மேலே நிறைய ஆகாயம். புதுச்சேரியிலிருந்து பாரிஸ் புறநகருக்குக் குடிவந்த புதிதில் வாங்கியது. வருஷக்கணக்காகத் தினமும் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்த படம்.

2019 ஏப்ரல் 15ஆம் தேதி சாயங்காலம் நோத்ர தாமின் கூரை பற்றி எரிந்தது. வேலை முடிந்து திரும்பும்போது பாலத்தில் ஆயிரக்கணக்கானவர்களோடு நானும் நின்றிருந்தேன். ஊசிக்கோபுரம் சாய்ந்து, நடுவில் ஒடிந்து, நெருப்புக்குள் விழுந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. கூட்டத்தில் யாரோ மெல்லிய குரலில் மாதா பாட்டு ஒன்றை ஆரம்பிக்க, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

இரவு வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டதும் கண் தானாக அந்தப் படத்துக்குப் போனது. இரண்டு சதுரக் கோபுரங்கள் இருந்தன. நீண்ட கூரை இருந்தது. கூரைக்கு மேலே ஒன்றும் இல்லை. படத்திலும் ஊசிக்கோபுரம் கிடையாது. இத்தனை வருஷமும் அதை நான் கவனித்ததே இல்லை. அன்றிரவு தூக்கம் வரவில்லை. அந்தப் படத்தை வரைந்தவர் யார், எந்த வருஷம் வரைந்தார், ஏன் கோபுரத்தை விட்டுவிட்டார் என்று தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடல் இன்னும் முடியவில்லை.

வரைந்தவர் பெயர் ஷார்ல் மெரியோன். வருஷம் 1854. கோபுரத்தை அவர் விட்டுவிடவில்லை, அப்போது கோபுரமே இல்லை. 13ஆம் நூற்றாண்டில் கட்டிய மர ஊசிக்கோபுரம் காற்றில் ஆட்டம் கண்டுபோய், 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதைப் பிரித்து இறக்கிவிட்டார்கள். நாங்கள் பாலத்தில் நின்று பார்த்தோமே, விழுந்த கோபுரம், அது வியோலெ-லெ-துக் என்ற கட்டடக் கலைஞர் 1859இல் எழுப்பியது. மெரியோன் படம் போட்டு ஐந்து வருஷம் கழித்து வந்த கோபுரம். கூட்டத்தில் பலரும் ‘எண்ணூறு வருஷத்துக் கோபுரம் போச்சே’ என்று அழுதார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் அதற்கு வயது 160.

மெரியோனின் கதை நேரான கதை இல்லை. 1821இல் பாரிஸில் பிறந்தார். அப்பா ஆங்கிலேய மருத்துவர், அம்மா பாரிஸ் ஓபெராவில் நாட்டியக்காரி. இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. பையன் கடற்படைப் பள்ளியில் சேர்ந்தான். 1842இல் ‘ரைன்’ என்ற போர்க்கப்பலில் ஏறி உலகத்தின் அடுத்த கோடிக்கு, நியூசிலாந்தின் அகரோவா துறைமுகத்துக்குப் போனான். நான்கு வருஷம் பசிபிக் கடலில். திரும்பி வந்து கடற்படையை விட்டுவிட்டு ஓவியனாக வேண்டும் என்று உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அவருக்கு நிறக்குருடு. சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. எண்ணெய் வண்ண ஓவியன் ஆகும் ஆசை அதோடு முடிந்தது. கறுப்பு மை மட்டும் போதும் என்கிற ஒரு தொழில் இருந்தது. எட்சிங். செப்புத் தகட்டில் ஊசியால் கோடு கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, மை பூசி, காகிதத்தில் அச்செடுக்கும் வேலை.

அதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே எங்கள் ஊராட்சி நடத்தும் பட்டறை ஒன்றில் ஒரு குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமைகளில் எட்சிங் கற்றுக்கொண்டேன். சொல்லிக்கொடுத்தவர் எழுபது வயதைத் தாண்டியவர். அவரை எல்லோரும் ‘மதாம்’ என்றுதான் கூப்பிடுவோம். தகட்டை முதலில் எண்ணெய்ப்பிசுக்குப் போகச் சுண்ணாம்புத் தூளால் தேய்க்க வேண்டும். பிறகு மெழுகும் பிசினும் கலந்த பூச்சு. அதை மெழுகுவர்த்திப் புகையில் காட்டினால் தகடு அடுப்புச் சட்டி மாதிரிக் கறுத்துப்போகும். அந்தக் கறுப்பில் ஊசி பட்ட இடமெல்லாம் செம்பு தங்கக் கம்பி போல மின்னும். அங்கேதான் முதல் சிக்கல். நீங்கள் கீறுகிற கோடு வெளிச்சமாகத் தெரியும், அச்சில் அதுவே கறுப்பாக வரும். இரண்டாவது சிக்கல், இடம் வலமாகும், வலம் இடமாகும். என் தெருமுனை ரொட்டிக்கடையை முதல் தகட்டில் வரைந்தேன். கடைப் பெயரை நேராகவே எழுதிவிட்டேன். அச்சில் அது கண்ணாடியில் பார்த்த எழுத்தாக வந்தது. “இனிமேல் தெருவையே கண்ணாடியில் பார்த்துப் பழகுங்கள்” என்றார் மதாம்.

அடுத்தது அமிலம். எங்கள் பட்டறையில் பாதுகாப்புக்காக ஃபெரிக் குளோரைடு. டிகாஷன் நிறத்தில் இருக்கும், சத்தம் போடாமல் வேலை செய்யும். மெரியோன் காலத்தில் நைட்ரிக் அமிலம். கோட்டுக்குள் குமிழ் குமிழாகக் கிளம்பும். ஒரு பறவை இறகை எடுத்து அந்தக் குமிழ்களைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் கோடு அறுந்து அறுந்து போகும். லேசாக வேண்டிய கோடுகள் அரித்ததும் தகட்டை வெளியே எடுத்து, அந்த இடங்களை வார்னிஷால் மூடிவிட்டு, மறுபடி உள்ளே போடுவார்கள். இன்னும் கறுப்பாக வேண்டியவற்றுக்கு இன்னும் நேரம். தூரத்து வீடு அமிலத்தில் சில நிமிஷம்தான் இருக்கும். பாலத்தின் அடியிருட்டு நெடுநேரம் கிடக்கும். தூரமும் நிழலும் நிமிஷக்கணக்காக மாறுகிற தொழில் இது. இதைக் கையால் செய்து பார்த்த பிறகுதான் மெரியோனின் நோத்ர தாம் எனக்கு வேறு படமாகத் தெரிந்தது.

அதன் அசல் அச்சு ஒன்றை ஒரு நூலகத்தின் அச்சுப்பட அறையில் முன்பதிவு செய்து பார்த்தேன். பேனாவை வெளியே வைத்துவிட்டுப் பென்சிலோடு உள்ளே போக வேண்டும். அட்டைப்பெட்டியைத் திறந்து, மேலே மூடிய மெல்லிய தாளை விலக்கினார்கள். என் சுவரில் இருப்பது வெறும் நிழல் என்று அப்போதுதான் தெரிந்தது. காகிதத்தின் ஓரத்தில் தகடு அழுத்திய பள்ளம் இருந்தது. மை காகிதத்துக்கு மேலே மயிரிழை உயரம் எழும்பி நின்றது, பக்கவாட்டில் வெளிச்சம் பட்டால் தெரியும். பேராலயத்தின் பின்சுவருக்கு முட்டுக்கொடுத்து நிற்கும் அந்தக் கல் வளைவுகளை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வெளிச்சம் விழுகிற பக்கத்தில் அவர் ஒரு கோடும் போடவில்லை. வெறும் காகிதம்தான் கல்லாக நிற்கிறது. நிழல் பக்கத்தில் மட்டும் நெருக்கமான கோடுகள், எல்லாம் ஒரே சீராக, கட்டட வரைபடக்காரரின் கை போல. பாலத்தின் வளைவுகளுக்கு அடியில் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடி அடர்ந்த இருட்டு. அந்த இருட்டுதான் பின்னால் இருக்கும் கோயிலை அவ்வளவு வெளிச்சமாகத் தூக்கி நிறுத்துகிறது. கரையில் உள்ள ஆட்கள் எறும்பளவு. அவர்களுக்கு முகம் இல்லை, வேலை மட்டும் இருக்கிறது.

இன்னொன்றும் தெரிந்தது. அந்த முன்பக்கப் பாலம் 1828இல் கட்டியது. படம் வரைந்தபோது அதற்கு 26 வயதுதான். நான் அதைக் கோயிலின் வயதுக்கே சேர்த்து வைத்திருந்தேன்.

1850 முதல் 1854 வரை மெரியோன் போட்ட இந்த வரிசைக்கு ‘பாரிஸ் பற்றிய எட்சிங்குகள்’ என்று பொருள்படும் பெயர். பாலங்கள், ஒடுங்கிய சந்துகள், ஒரு தெருமுனைச் சிறுகோபுரம், ஆற்றுத் தண்ணீரை ஊருக்கு ஏற்றிய மரக்கால் பம்ப்புக் கட்டடம், நதியில் கிடைக்கும் அநாதைப் பிணங்களை வைக்கும் பிணக்கிடங்கு. பழைய பாரிஸை இடித்துத்தள்ளிய அரசு ஆட்சியர் ஓஸ்மான் பதவிக்கு வந்தது 1853 ஜூனில். மெரியோன் அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். அவர் வரைந்தவை அவர் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாகப் போயின. 1850இல் ‘சின்னப் பாலம்’ என்ற பாலத்தை வரைந்தார். 1853இல் அதை எடுத்துவிட்டு ஒற்றை வளைவில் புதிதாகக் கட்டினார்கள். 1854இல் ‘ஷாஞ்ச் பாலம்’. அதை 1858இல் பிரிக்க ஆரம்பித்தார்கள். தெருமுனைச் சிறுகோபுரத்தின் படத்தை 1852இல் அச்செடுத்தபோது கோபுரமே இல்லை, முந்தைய வருஷம் இடித்தாகிவிட்டது. பம்ப்புக் கட்டடம் சில வருஷத்தில் போயிற்று. 1860களில் நோத்ர தாமைச் சுற்றி நெருக்கியிருந்த சந்துகள் முழுத் தெருக்களாக மறைந்து, இன்று சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நிற்கும் அகலமான முற்றம் வந்தது.

இதையெல்லாம் படித்து, மெரியோன் ஒரு பழமைக் காவலர், காணாமல் போகிறதைப் பதிவு செய்தவர் என்று முடிவுகட்டினேன். ‘சின்னப் பாலம்’ படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நதிக்கரைக்குப் போன நாளில் அந்த முடிவு உடைந்தது.

தண்ணீர் மட்டத்தில், அவர் நின்றிருக்கக்கூடிய இடத்தில் இறங்கி நின்றேன். வீடுகள் மாறிவிட்டன, பாலம் மாறிவிட்டது, நோத்ர தாமின் இரட்டைக் கோபுரங்கள் மாறவில்லை, 69 மீட்டர் உயரத்தில் அதே இடத்தில் நிற்கின்றன. ஆனால் படத்தில் இருக்கிற உயரத்துக்கு அவை எழவில்லை. கீழே நின்றால் கரைச்சுவரும் கட்டடங்களும் கோபுரங்களைப் பாதி விழுங்கிவிடுகின்றன. படிக்கட்டு ஏறி மேலே தெருவுக்கு வந்தால் கோபுரங்கள் ஓங்கித் தெரிகின்றன, ஆனால் பாலத்தின் அடியும் தண்ணீரும் தெரியவில்லை. மெரியோன் இரண்டு இடத்துப் பார்வையையும் ஒரே தகட்டில் சேர்த்திருக்கிறார். கீழ்ப்பாதி தண்ணீரோரம் நின்றவனின் கண், மேல்பாதி தெருவில் நிற்பவனின் கண். அவரைப் பற்றி எழுதியவர்கள் இதை வெகுகாலம் முன்பே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள். நானாக ஏறி இறங்கிப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அளவுகோல் வைத்துப் பார்த்தால் படம் தப்பு. எனக்கு அது தப்பாகத் தோன்றவில்லை. அந்தப் பக்கம் தினமும் நடந்து போகிறவர் மனசில் அந்தக் கோபுரங்கள் எவ்வளவு உயரம்? கீழே துணி துவைத்தாலும், மேலே வண்டி இழுத்தாலும், தலைக்கு மேல் அவை நிற்கின்றன என்ற நினைப்பு போகாது. அந்த நினைப்பின் உயரத்தைத்தான் அவர் வரைந்திருக்கிறார். காமிரா ஒரு கணத்தில் ஒரு இடத்தில்தான் நிற்கும். ஊர்க்காரர் ஒரே சமயத்தில் கீழேயும் மேலேயும் இருக்கிறார்.

‘ஸ்த்ரிஜ்’ என்ற அவருடைய 1853ஆம் வருஷத்துப் படம்தான் எல்லாவற்றிலும் புகழ்பெற்றது. நோத்ர தாம் கோபுரத்தின் மேல்மாடியில் கொம்பு முளைத்த, சிறகு முளைத்த ஒரு கல் பூதம், இரண்டு கையாலும் கன்னத்தைத் தாங்கி, நாக்கை நீட்டிக்கொண்டு, ஊரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. பின்னால் கூரைக் கூட்டத்துக்கு நடுவே புனித ழாக் கோபுரம். சுற்றிலும் கருப்புப் பறவைகள். பாரிஸின் இடைக்காலம் என்றாலே உலகம் முழுக்க இந்த உருவத்தைத்தான் நினைக்கிறார்கள். சாவி வளையம், குளிர்சாதனப்பெட்டிக் காந்தம், தேநீர்க் கோப்பை எல்லாவற்றிலும் இது இருக்கிறது.

அந்தப் பூதம் இடைக்காலத்தது இல்லை. வியோலெ-லெ-துக் பேராலயத்தைப் புதுப்பிக்கும் வேலையை 1840களில் ஏற்று, மேல்மாடிக்கென்று தானே வரைந்து செய்வித்த சிலைகளில் ஒன்று. மழைத்தண்ணீரைத் துப்பும் பழைய கல்வாய்களுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை, இவை தண்ணீர் துப்பாது, சும்மா உட்கார்ந்திருக்கும். மெரியோன் ஏறிப்போய் வரைந்தபோது அந்தக் கல்லுக்கு உளிச்சுவடு ஆறிச் சில வருஷங்களே ஆகியிருந்தன. அதே 1853 வாக்கில் ஷார்ல் நெக்ர் என்ற புகைப்படக்காரர் அதே பூதத்துக்குப் பக்கத்தில் தன் நண்பர் ஆன்ரி லெ செக்கை உயரத் தொப்பியோடு நிறுத்திப் படம் எடுத்தார். லெ செக்கும் புகைப்படக்காரர்தான். 1851இல் நாட்டின் பழங்கட்டடங்களைப் படம் பிடிக்க அரசு அனுப்பிய ஐந்து பேரில் அவர் ஒருவர். அந்தப் புகைப்படத்தில் இரண்டு பேரும், பூதமும் மனிதரும், கிட்டத்தட்ட ஒரே தலைமுறை.

இது தெரிந்தபோது முதலில் ஏமாற்றமாக இருந்தது. நிறைய பேர் இதைச் சொல்லி நோத்ர தாமையே போலி என்பதுபோல் பேசுகிறார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை. என்னை இழுத்தது வேறு. மெரியோன் அந்தப் பூதத்தை ஏன் வரைந்தார்? புதுச் சிலை என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? பேராலயம் முழுக்கச் சாரம் கட்டி வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. தச்சர்களும் கல்தச்சர்களும் போய்வருகிற படிக்கட்டில்தான் இவரும் ஏறியிருப்பார். படத்துக்கு அடியில் அவரே எழுதிய இரண்டு வரிச் செய்யுள் ஒரு பிரதியில் உண்டு. அடங்காத இரத்தக்காட்டேரியாக நித்திய காமம் இந்த மாநகரத்தின் மேல் உட்கார்ந்து தன் இரையைத் தேடுகிறது என்பது அதன் கருத்து. அவருக்கு அந்தப் பூதம் 13ஆம் நூற்றாண்டின் நினைவுச்சின்னமாக இருக்கவில்லை. 1853ஆம் வருஷத்துப் பாரிஸ்வாசி அது. பசி அடங்காத அன்றைய நகரத்தை அது பார்த்துக்கொண்டிருக்கிறது.

அன்றிலிருந்து 19ஆம் நூற்றாண்டுக்காரர்கள் வரைந்த எந்தப் பழைய நகரத்துப் படத்தைப் பார்த்தாலும் முதலில் தேதியைத் தேடுகிறேன். அந்தத் தேதியில் இதில் எது கிழடு, எது குழந்தை, எது மறுவாரம் சாகப்போவது என்று பிரித்துப் பார்க்கிறேன். பெர்லினில் எடுவார்ட் கார்ட்னர் என்ற ஓவியர் 1834இல் ஒரு தேவாலயக் கூரை மேல் நின்று ஊரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து ஆறு பலகைகளில் வரைந்த அகலக்காட்சி இருக்கிறது. பார்க்கிற நமக்கு எல்லாமே பழைய பெர்லின். அவர் காலடியில் இருந்த அந்தத் தேவாலயம் சிங்கெல் என்ற கட்டடக் கலைஞர் கட்டி முடித்துச் சில வருஷமே ஆன புதுக் கட்டடம்.

வெனிசில் ஆங்கிலேயக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் பட்ட பாடு வேறு மாதிரி. 1845இல் ‘கா தோரோ’ என்ற மாளிகையின் முகப்பை வரைய உட்கார்ந்திருக்கிறார். எதிரே சாரம் கட்டிய கொத்தனார்கள் உத்தரங்களை ஏற்றி, பழைய சுவரை உடைத்து, கல் வேலைப்பாட்டைப் பெயர்த்துக்கொண்டிருக்கிறார்கள். இவர் வரைய வரைய அவர்கள் இடிக்கிறார்கள். அந்த ஆத்திரத்தை வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் கொட்டியிருக்கிறார். அந்த நீர்வண்ணப் படத்தில் சில இடங்கள் நுணுக்கமாகவும் மற்ற இடங்கள் வெறும் கோடாகவும் நிற்கின்றன. அந்தப் படத்தை நான் மறுபதிப்பில்தான் பார்த்திருக்கிறேன். அதிலேயே அந்த அவசரம் தெரிகிறது. ரஸ்கின் ஒரு பூவேலைப்பாட்டின் இதழைக்கூட மாற்ற மாட்டார். மெரியோன் கோபுரத்தையே நீட்டிவிடுவார். குணத்தில் எதிரெதிர்த் துருவங்கள். இருவர் காதிலும் சம்மட்டிச் சத்தம் ஒன்றுதான்.

ரோமில் எத்தோரே ரொஸ்லர் பிரான்ஸ் என்ற ஓவியர் இதையே நிதானமாகச் செய்தார். 1870 டிசம்பரில் டைபர் நதி பெருக்கெடுத்து ஊர் மூழ்கியது. 1876இல் கரையோர வீடுகளை இடித்துப் பெரிய கல்மதில் எழுப்ப ஆரம்பித்தார்கள். அவர் 120 நீர்வண்ணப் படங்களில் தண்ணீருக்குள் காலை நனைத்துக்கொண்டு நின்ற அந்த வீடுகளையும், கொடியில் காயும் துணிகளையும், படித்துறையையும் வரைந்துவைத்தார். மதில் வந்தது, வெள்ளம் நின்றது, நதியும் ஊரும் பிரிந்தன. அந்தப் படங்களைப் பார்த்து வீடுகள் போயிற்றே என்று வருந்துகிறவர்கள், அந்த வீடுகளில் இருந்தவர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றதையும் சேர்த்து நினைக்க வேண்டும் என்பது என் எண்ணம். பாரிஸிலும் அப்படித்தான். இடித்த சந்துகளில் காலராவும் இருந்தது.

மெரியோனுக்கு வருகிறேன். 1859இல் கவிஞர் பொதலேர் அந்த வருஷத்துக் கலைக் கண்காட்சியைப் பற்றி எழுதும்போது, கண்காட்சியில் இல்லாத மெரியோனை இழுத்துவந்து புகழ்ந்தார். கல் மேல் கல் குவிந்த கம்பீரம், வானத்தைச் சுட்டும் மணிக்கூண்டுகள், புகை கக்கும் ஆலைக் குழாய்கள் என்று அடுக்கிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நிற்கிறார். பழுதுபார்க்கும் கட்டடங்களின் மேல் கட்டிய சாரங்கள். திடமான கட்டடத்தின் மேல் ஓட்டை ஓட்டையாக இன்னொரு கட்டடம் ஏறி நிற்கிற அந்த விசித்திர அழகு என்கிறார். முதல் தடவை படித்தபோது இதைத் தாண்டிப் போய்விட்டேன். தீ விபத்துக்குப் பிறகு, வருஷக்கணக்கில் சாரத்துக்குள் கிடந்த நோத்ர தாமைத் தாண்டி வேலைக்குப் போய்வந்தபோதுதான் அந்த வரி திரும்பி வந்தது. மற்றவர்கள் சாரத்தைப் படத்திலிருந்து நீக்கிவிட்டுத்தான் பழைய நகரத்தைப் பார்ப்பார்கள். பொதலேர் சாரத்தையும் சேர்த்துப் பார்த்தார்.

அதற்குள் மெரியோனின் மனம் நிலைகுலைந்துவிட்டது. 1858இல் ஷரந்தோன் மனநோய் விடுதியில் சேர்த்தார்கள். அடுத்த வருஷம் வெளியே வந்தார். பழைய தகடுகளை எடுத்துத் திருத்த ஆரம்பித்தார். ‘ஷாஞ்ச் பாலம்’ தகட்டில் முதலில் ஆகாயத்தில் ஒரு பலூன் இருந்தது, ‘நம்பிக்கை’ என்று பெயர் எழுதியது. அதைச் சுரண்டித் தேய்த்துவிட்டு, அந்த இடத்தில் பெரிய பெரிய கொன்றுண்ணிப் பறவைகளைக் கூட்டமாக இறக்கினார். பாரிஸ் ஆகாயத்தில் இத்தனை கழுகுகள் ஏது என்று பொதலேர் கேட்டபோது, அதற்கு ஆதாரம் இருக்கிறது, அரசாங்கத்தார் சகுனம் பார்க்கக் கழுகுகளைப் பறக்கவிட்டிருக்கிறார்கள் என்று பதில் சொன்னாராம். பொதலேர் 1860இல் எழுதிய கடிதத்தில் இது இருக்கிறது. பின்னால் அந்தப் பறவைகளையும் எடுத்துவிட்டு மறுபடி பலூன்களை வைத்தார், இந்தத் தடவை நிறைய.

செப்புத் தகட்டில் அழிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு இப்போது தெரியும். முக்கோணக் கத்தியால் உலோகத்தையே சுரண்டி எடுக்க வேண்டும், பிறகு வழுவழுவென்ற எஃகுக் கம்பியால் எண்ணெய் விட்டுத் தேய்த்துத் தேய்த்து மட்டமாக்க வேண்டும். பள்ளம் விழுந்தால் தகட்டைத் திருப்பிப் பின்பக்கம் தட்டி நிரவ வேண்டும். விரல்நகம் அளவு இடத்தை அழிக்க எனக்கு ஒரு சனிக்கிழமை முழுக்க ஆனது. மெரியோன் ஆகாயத்தையே அழித்து, மறுபடி அழித்திருக்கிறார். அத்தனையிலும் பாலத்தை அவர் தொடவில்லை என்பதை நினைத்துப் பார்க்கிறேன். நிஜப் பாலம் இடிபட்டுப் புதுசு வந்துவிட்டது. தகட்டில் பழையது அப்படியே நின்றது, மேலே ஆகாயம் மட்டும் மாறிக்கொண்டிருந்தது. 1865இல் கடற்படை அமைச்சகக் கட்டடத்தை வரைந்தபோது அதன் மேலே கடல் பிராணிகளும் குதிரைகளும் ரதங்களும் ஆகாயவழியாகப் பாய்ந்து வருகின்றன. இளவயதில் பார்த்த பசிபிக் கடல் பாரிஸ் மேல் வந்து இறங்கியதுபோல.

1866இல் மறுபடி ஷரந்தோன். 1868 பிப்ரவரியில் அங்கேயே, சாப்பாட்டை மறுத்து, 46 வயதில் இறந்துபோனார். நண்பர்கள் கல்லறைக்கு வந்தார்கள். எட்சிங் கலைஞரான பிராக்மோன் ஒரு செப்புத் தகட்டை அமிலத்தில் அரித்து எழுத்துப் பொறித்துக் கல்லறையில் பதித்தார்.

மெரியோன் விட்ட இடத்திலிருந்து நகரசபை ஷார்ல் மார்வில் என்ற புகைப்படக்காரரை வைத்து, இடிக்கப்போகும் தெருக்களை 400க்கும் மேற்பட்ட கண்ணாடித் தகடுகளில் படம்பிடித்தது. அருமையான படங்கள் அவை. ஈரம் பளபளக்கும் கூழாங்கல் தளம், தெருநடுவே ஓடும் சாக்கடை, சுவரில் விளம்பர எழுத்து, எல்லாம் அச்சொட்டாக இருக்கும். வெளிச்சம் பதிய நேரம் பிடித்ததால் நடமாடியவர்கள் பதியவில்லை. காலியான தெருக்கள். இன்ன தெரு எங்கே வளைந்தது, எந்த வீட்டுக்கு எத்தனை ஜன்னல் என்று தெரிய வேண்டுமானால் நான் மார்விலைத்தான் பார்ப்பேன். அந்தத் தெருவுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தவருக்கு எப்படி இருந்தது என்று தெரிய மெரியோனிடம் போகிறேன்.

2024 டிசம்பரில் நோத்ர தாமை மறுபடி திறந்தார்கள். வியோலெ-லெ-துக்கின் ஊசிக்கோபுரத்தை 1859இல் இருந்தபடியே, ஓக் மரத்தில், ஈயத்தகடு போர்த்தி, 96 மீட்டருக்கு எழுப்பியிருக்கிறார்கள். வேறு மாதிரி கட்டலாம், கண்ணாடியில் கட்டலாம், கட்டாமலே விடலாம் என்று விவாதமெல்லாம் நடந்து, கடைசியில் அதே கோபுரம். எனக்கு அதில் சந்தோஷம்தான். அதன் கீழே நின்று விழுந்ததைப் பார்த்தவன் நான்.

அந்த வாரம் ஒரு காலையில் என் மகளைக் கூட்டிக்கொண்டு தூர்னெல் கரைக்குப் போனேன். மெரியோன் படத்துக்கு நின்ற பக்கம் அது. சுவரில் இருந்த படத்தைச் சட்டத்தோடு கழற்றிப் பையில் வைத்து எடுத்துப்போயிருந்தேன். பாலம் அங்கேயே இருந்தது. கல் வளைவுகள் முட்டுக்கொடுத்தபடி இருந்தன, கழுவித் துடைத்து வெளுப்பாக. பின்பக்கம் இன்னும் சாரம் பிரிக்கவில்லை, கிரேன் நின்றது. படத்தைக் கைப்பிடிச் சுவர் மேல் சாய்த்து வைத்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தோம்.

“அப்பா, இதுல மேல இருக்கிறது இல்லையே” என்றாள்.

“அது அப்ப இல்லம்மா.”

அவள் ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி, கட்டைவிரலை உயர்த்திப் புதுக்கோபுரத்தை மறைத்தாள். கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்து, விரலைச் சரிசெய்து, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். “இப்ப வந்துடுச்சு” என்றாள்.